சுற்றுச்சூழல் நீதி: ஒரு தொடரின் வரலாறும் ஒரு போதகரின் பணியும்

முன்னுரை

‘சுற்றுச்சூழல் நீதி’ என்னும் தொடர் இன்று பாடநூல்களிலும் நாளிதழ்களிலும் தேர்வுக் கட்டுரைகளிலும் பரவலாக வழங்குகின்றது. மாணவர் பலர் இதனைச் ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்பதற்கு ஈடான மற்றொரு தொடராகவே கையாளுகின்றனர். மரம் நடுதல், நெகிழிப் பயன்பாட்டைக் குறைத்தல், ஆற்றைத் தூய்மை செய்தல் ஆகிய அனைத்தையும் இதன்கீழ் எழுதிவிடுகின்றனர். இவை யாவும் நற்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், இத்தொடர் பிறந்தபோது சுட்டிய பொருள் வேறு.

ஒரு கலைச்சொல்லின் பொருளை அறிய அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்ப்பது ஒரு வழி. அச்சொல் யாருக்கு, எந்த நெருக்கடியில் தேவைப்பட்டது எனக் கேட்பது மற்றொரு வழி. இக்கட்டுரையில் நாம் இரு வழிகளையும் மேற்கொள்கின்றோம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் 1982ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு போராட்டத்தையும், அதனோடு இணைத்துப் பேசப்படும் போதகர் பெஞ்சமின் சேவிசின் பணியையும் முதலில் காண்போம். அதன்பின் அப்பணியிலிருந்து எழுந்த சொற்களைத் தமிழில் எவ்வாறு பொருள்கொள்வது என ஆராய்வோம்.

1. போதகர் பணியும் திருச்சபையும்

சுற்றுச்சூழல் சிக்கலில் ஒரு சமயப் போதகருக்கு என்ன வேலை என்னும் வினா எழக்கூடும். ஆங்கிலத்தில் போதகரைக் குறிக்கும் ‘மினிஸ்டர்’ என்னும் சொல் இலத்தீன மொழியில் பணியாளர் எனப் பொருள்படும். ‘பாஸ்டர்’ என்பது மேய்ப்பர் எனப் பொருள்படும். தமிழ்க் கிறித்தவ வழக்கிலும் ஊழியர், மேய்ப்பர், ஆயர் ஆகிய சொற்கள் இவ்விரு பொருளையும் தாங்கி நிற்கின்றன. முல்லைநில மக்களைக் குறித்த ‘ஆயர்’ என்னும் பழஞ்சொல் திருச்சபைத் தலைவரைக் குறிக்க வந்ததும் இவ்வடிப்படையிலேயே ஆகும். மந்தையைப் பேணுவோர் அது மேயும் நிலத்தையும் குடிக்கும் நீரையும் கவனியாதிருத்தல் இயலாது.

அமெரிக்காவின் தென்பகுதியில் இதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. அடிமைமுறை ஒழிந்த பின்னரும் கறுப்பின மக்கள் தமக்கென முழு உரிமையோடு நடத்த முடிந்த அமைப்புகள் மிகச் சிலவே. அவற்றுள் முதன்மையானது திருச்சபை. வழிபாட்டிடமாக விளங்கிய அதுவே கூட்ட மண்டபமாகவும், படிப்பிடமாகவும், இடருற்றோர்க்கு நிதி திரட்டும் இடமாகவும் இருந்தது. எனவே ஓர் ஊருக்கு இன்னல் நேரும்போது மக்கள் முதலில் கூடும் இடம் திருச்சபையாகவும், முதலில் பேசும் குரல் போதகருடையதாகவும் அமைந்தன.

2. பெஞ்சமின் சேவிஸ்

சேவிஸ் 1948ஆம் ஆண்டு வட கரோலினாவின் ஆக்ஸ்போர்டு என்னும் ஊரில் பிறந்தார். வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சார்லட் வளாகத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றார். பின்னாளில் நச்சுக்கழிவு பற்றிப் பேச நேர்ந்தவருக்கு இக்கல்வி பொருத்தமாகவே அமைந்தது. ஐக்கிய கிறிஸ்து திருச்சபை என்னும் அமைப்பு ‘இன நீதி ஆணையம்’ என்ற பெயரில் ஒரு பிரிவை நடத்தி வந்தது. அதன் களப்பணியாளராகிய சேவிஸ், 1971ஆம் ஆண்டு வில்மிங்டன் நகரில் பள்ளிகளில் நிலவிய பாகுபாட்டை எதிர்த்த கறுப்பின மாணவர்களுக்குத் துணைநிற்க அனுப்பப்பட்டார். அங்கு மூண்ட கலவரத்தின்போது ஒரு கடை எரிக்கப்பட்டது. அதற்காகக் குற்றஞ்சாட்டப்பெற்ற பதின்மருள் அவரும் ஒருவர். ‘வில்மிங்டன் பதின்மர்’ என அழைக்கப்பட்ட அவர்கள் 1972இல் தண்டிக்கப்பட்டனர்.

சிறையில் இருந்த காலத்தில் சேவிஸ் டியூக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்றார். 1980ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்கு முறையாக நடத்தப்படவில்லை எனக் கண்டு தண்டனைகளை நீக்கியது. 2012ஆம் ஆண்டின் இறுதி நாளில் மாநில ஆளுநர் அப்பதின்மரையும் குற்றமற்றவர்கள் என அறிவித்தார். குற்றமற்றவர் என்னும் சொல்லைப் பெற அவர்கள் நாற்பது ஆண்டுகள் காத்திருந்தனர். சிலர் அதனைக் கேட்காமலே மறைந்தனர்.

3. சாலையோரத்தில் கொட்டப்பட்ட நஞ்சு

வாரன் மாவட்டச் சிக்கலின் மூலம் ஒரு செலவுக் கணக்கு. பாலிகுளோரினேட்டட் பைபினைல், சுருக்கமாகப் பி.சி.பி., என்னும் வேதிப்பொருள் மின்மாற்றிகளில் வெப்பத்தைத் தாங்கும் எண்ணெயாகப் பயன்பட்டு வந்தது. அது எளிதில் சிதையாது. மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் நெடுங்காலம் தங்கும். இதன் தீங்கு உணரப்பட்டு, 1970களின் இறுதியில் அமெரிக்காவில் அதன் உற்பத்தி தடைசெய்யப்பட்டது. கழிவை முறைப்படி அகற்றப் பெருஞ்செலவு ஆகும் நிலை உருவாகியது. அச்செலவைத் தவிர்க்க எண்ணியோர் 1978ஆம் ஆண்டு கோடையில், பி.சி.பி. கலந்த ஏறத்தாழ 31,000 கேலன் எண்ணெயை இரவு நேரங்களில் வட கரோலினாவின் சாலையோரங்களில் ஊற்றிச் சென்றனர். 200 மைலுக்கும் மேற்பட்ட தொலைவுக்கு மண் மாசுற்றது. குற்றவாளிகள் பிடிபட்டுத் தண்டனையும் பெற்றனர். ஆனால், அள்ளியெடுக்கும் மண்ணை எங்கே புதைப்பது என்னும் வினா எஞ்சியது.

மாநில அரசு தேர்ந்தெடுத்த இடம் வாரன் மாவட்டத்தின் ஆப்டன் என்னும் சிற்றூர்ப்பகுதி. அம்மாவட்ட மக்களுள் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். மாநிலத்தின் வறிய மாவட்டங்களுள் அதுவும் ஒன்று. மக்கள் பலர் கிணற்று நீரையே நம்பி வாழ்ந்தனர். பி.சி.பி. புதைக்கும் இடத்தின் அடித்தளத்திற்கும் நிலத்தடி நீருக்கும் இடையே 50 அடி இடைவெளி வேண்டும் என விதி இருந்தது. ஆப்டனில் நிலத்தடி நீர் அதனினும் மிகவும் மேலே இருந்தது. இருப்பினும் விதி தளர்த்தப்பட்டு அனுமதி வழங்கப்பட்டது. நீதிமன்றத்தை நாடிய மக்களுக்குப் பயன் கிட்டவில்லை.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. அரசு மண்ணைத் தூய்மை செய்யவே முற்பட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்னும் நோக்கில் பார்த்தால் அது குறைகூறத்தக்க செயலன்று. தூய்மையின் பயன் மாநிலம் முழுமைக்கும் உரியதாகவும், அதன் சுமை ஓர் ஊருக்கு மட்டும் உரியதாகவும் அமைந்ததே சிக்கல். பாதுகாப்பும் நீதியும் வேறு வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

4. ஆறு வாரப் போராட்டம்

1982ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் மாசுற்ற மண்ணைச் சுமந்த லாரிகள் ஆப்டனுக்கு வரத் தொடங்கின. கோலி ஸ்பிரிங்ஸ் பாப்டிஸ்ட் திருச்சபையில் மக்கள் கூடினர். நாள்தோறும் அங்கு வேண்டுதல் செய்து, பாடி, புதைநிலத்தை நோக்கி நடந்தனர். சிலர் சாலையில் படுத்து லாரிகளை மறித்தனர். அத்திருச்சபையின் போதகர் லூதர் பிரௌன், இன நீதி ஆணையத்தைச் சார்ந்த போதகர் லியோன் வைட், உள்ளூர்ப் பெண்மணியான டாலி பர்வெல் ஆகியோர் முன்னின்றவர்களுள் சிலர். நிலத்திற்கும் நீருக்கும் அஞ்சிய வெள்ளையினக் குடும்பங்களும் உடன் நடந்தன. சேவிசும் வந்து சேர்ந்து கைதானார். ஏறத்தாழ ஆறு வாரங்களில் 500க்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர்.

சமூகப் பேணல் என நாம் சொல்லும் பணி இத்தகைய நாள்களில் எவ்வடிவம் கொள்கின்றது என்பதையும் எண்ணிப் பார்த்தல் தகும். ஒருவர் கைதானால் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பிணைக்குப் பணம் வேண்டும். நெடுந்தொலைவு நடந்தோர்க்கு உணவு வேண்டும். அச்சமுற்ற முதியோர்க்கு ஆறுதல் வேண்டும். ஊரை முன்பே ஒன்றாகப் பேணி வந்த ஓர் அமைப்பு இருந்தாலன்றி இவ்வளவும் ஆறு வாரங்கள் தொடர்தல் அரிது.

போராட்டம் தன் உடனடி நோக்கத்தில் தோற்றது. 7,000க்கும் மேற்பட்ட லாரிச் சுமைகள் வந்து சேர்ந்தன, மண் புதைக்கப்பட்டது. ஆயினும் அது மற்றொன்றைத் தொடங்கி வைத்தது. கைதானோருள் ஒருவர் வால்டர் ஃபான்ட்ராய். அவர் பாப்டிஸ்ட் போதகர். வாஷிங்டன் நகரின் சார்பில் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவர். இத்தகைய புதைநிலங்கள் எங்கெங்கு உள்ளன, அங்கு வாழ்வோர் யாவர் என ஆராயுமாறு அவர் அரசின் பொதுக் கணக்காய்வு அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டார். 1983இல் வெளிவந்த அவ்வறிக்கை, தென்கிழக்கின் எட்டு மாநிலங்களில் இருந்த நான்கு பெரும் நச்சுக்கழிவுப் புதைநிலங்களை ஆராய்ந்தது. அவற்றுள் மூன்றின் சுற்றுப்புறத்தில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினர் எனக் காட்டியது.

5. எண்களால் நிறுவுதல்

நான்கு இடங்களைக் கொண்டு ஒரு நாட்டின் வழக்கத்தைப் பொதுமைப்படுத்துதல் ஆய்வு நெறிக்கு ஒவ்வாது. சேவிஸ் 1985இல் இன நீதி ஆணையத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். ஆணையம் ஆய்வை நாடு முழுமைக்கும் விரிவாக்கியது. ஆய்வுக்குச் சார்லஸ் லீ பொறுப்பேற்றார். அஞ்சல் குறியீட்டு எண் ஒவ்வொன்றையும் ஒரு பகுதியாகக் கொண்டு, கழிவு நிலையம் உள்ள பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டனர். வருமானம், வீட்டு மதிப்பு, இனம் முதலிய காரணிகளைத் தனித்தனியே சோதித்தனர்.

‘அமெரிக்க ஐக்கிய நாட்டில் நச்சுக்கழிவுகளும் இனமும்’ என்னும் தலைப்பில் 1987ஆம் ஆண்டு அவ்வறிக்கை வெளிவந்தது. வணிகக் கழிவு நிலையம் இல்லாத பகுதிகளில் சிறுபான்மை இனத்தவரின் சராசரி விழுக்காடு 12. ஒரு நிலையம் உள்ள பகுதிகளில் 24. இரண்டோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளிலும், மிகப் பெரும் புதைநிலங்கள் உள்ள பகுதிகளிலும் 38. சோதித்த காரணிகளுள் மிகவும் வலுவாகப் பொருந்தி நின்றது இனமே என அறிக்கை கண்டது. வறுமையும் ஒரு காரணமே. ஆயினும் வறுமை ஒன்றைக் கொண்டு மட்டும் அதனை விளக்க முடியவில்லை.

இம்முடிவு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. 1994இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அஞ்சல் பகுதிகளுக்கு மாறாக மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டாரங்களை அலகாகக் கொண்டு, இனத்திற்கும் நிலையங்களுக்கும் அத்தகைய தொடர்பு இல்லை என்றது. எவ்வலகைக் கொண்டு எண்ணுகின்றோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. மொழியாய்வில் பயிற்சியுடையோர்க்கு இது புதிதன்று. எது ஒரு சொல் என வரையறுக்காமல் ஒரு நூலின் சொற்களை எண்ண இயலாதல்லவா? பின்வந்த ஆய்வாளர்கள் எல்லைக்கோடுகளை நம்பாமல், ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் உண்மையான தொலைவை அளந்தனர். வட்டாரத்தின் எல்லையோரம் அமைந்த நிலையம் அடுத்த வட்டாரத்தாரையும் தாக்கும் என்பது அப்போது கணக்கில் வந்தது. அதே திருச்சபை வெளியிட்ட 2007ஆம் ஆண்டு அறிக்கை இம்முறையைப் பின்பற்றியது. நிலையங்களிலிருந்து 3 கிலோமீட்டருக்குள் வாழ்வோருள் 56 விழுக்காட்டினர் வெள்ளையர் அல்லாதார் எனவும், பிற பகுதிகளில் அவர்கள் 30 விழுக்காட்டினர் எனவும் கண்டது. முறை திருந்தியபோது முதல் அறிக்கையின் முடிவு வலுப்பெற்றது. அறச்சீற்றம் மட்டுமே இருந்திருப்பின், அது மறுப்பைக் கண்ட அன்றே ஓய்ந்திருக்கக்கூடும்.

6. சொற்களும் பொருளும்

இப்பணியினூடே சேவிஸ் உருவாக்கிய ஒரு தொடர் ஆங்கிலத்தில் நிலைபெற்றது. அதனைத் தமிழில் சிலர் ‘சுற்றுச்சூழல் இனவெறி’ என்பர். ‘வெறி’ என்பது மனத்தின் நிலையைக் குறிக்கும் சொல். மயக்கம், கட்டுக்கடங்காமை ஆகிய பொருள்கள் அதனுள் அடங்கும். பழைய ‘வெறியாட்டு’ என்னும் வழக்கிலும் அது தன்வயமிழந்த நிலையையே சுட்டுகின்றது. ஆனால், சேவிஸ் தம் விளக்கத்தில் சுட்டியவை செயல்கள்: கொள்கை வகுப்பதில் வேறுபாடு, சட்டத்தைச் செயற்படுத்துவதில் வேறுபாடு, குறிப்பிட்ட சமூகங்களைத் தேர்ந்து கழிவு நிலையங்களை அமைத்தல், அங்கு நஞ்சு பரவ அதிகாரிகள் இசைவளித்தல், இயற்கை காக்கும் இயக்கங்களின் தலைமையில் அம்மக்களுக்கு இடமளியாமை. இவற்றைச் செய்வோர் வெறிகொண்டோராக இருக்கவேண்டும் என்பதில்லை; அமைதியாக அலுவலகத்தில் அமர்ந்து ஒப்பமிடுவோராகவும் இருக்கலாம். ஆதலின் ‘சுற்றுச்சூழல் இனப்பாகுபாடு’ என்பதே பொருத்தமான ஆக்கம் எனக் கருதுகின்றோம்.

பாகுபாடு என்னும் சொல் ‘பகு’ என்னும் அடியோடு தொடர்புடையது. பகுதி, பகுப்பு, பகிர்வு ஆகியனவும் அவ்வடியைச் சார்ந்தனவே. பகிர்வும் பாகுபாடும் ஒரே குடும்பச் சொற்கள் என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்டினால், இவ்வியக்கத்தின் நடுக்கருத்து எளிதில் விளங்கும். நன்மையும் சுமையும் எவ்வாறு பகுக்கப்படுகின்றன என்பதே இங்கு வினா.

இனிச் ‘சுற்றுச்சூழல் நீதி’ என்னும் தொடரைக் காண்போம். இஃது உருபு மறைந்து நிற்கும் தொகை. இதனை விரிக்கும்போது, ‘சுற்றுச்சூழலுக்கு நீதி’ என நான்காம் வேற்றுமையாக விரிக்கலாம். ‘சுற்றுச்சூழலில் நீதி’ என ஏழாம் வேற்றுமையாகவும் விரிக்கலாம். முதல் விரிவில் நீதியைப் பெறுவது இயற்கை. இரண்டாம் விரிவில் நீதியைப் பெறுவோர், அச்சூழலில் வாழும் மக்கள். மாணவர் கட்டுரைகளில் நேரும் பொருள்மயக்கம் இவ்விடத்தில்தான் பிறக்கின்றது. வரலாற்று நோக்கில், இத்தொடர் ஏழாம் வேற்றுமைத்தொகையாகவே கொள்ளத்தக்கது.

‘சூழல்’ என்னும் உறுப்பும் கருதத்தக்கது. சுற்று, சூழல் ஆகிய இரண்டும் ஏறத்தாழ ஒரே பொருளை உணர்த்துவன. இலக்கணிகள் ஒருபொருட்பன்மொழி என்பர். இயற்கை, காடு, விலங்கு என்பன அதன் நேர்ப்பொருள் அல்ல. நம்மைச் சுற்றியிருப்பது எதுவோ அதுவே சூழல். 1991இல் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில் டேனா ஆல்ஸ்டன் என்பவர், சுற்றுச்சூழல் என்பது தாங்கள் வாழும், உழைக்கும், விளையாடும் இடமே என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஆங்கிலத்தில் விளக்கிக் கூற வேண்டியிருந்த அப்பொருள், தமிழ்ச் சொல்லில் இயல்பாகவே உள்ளது.

7. பின்விளைவுகள்

அம்மாநாடு சுற்றுச்சூழல் நீதிக்குரிய 17 கொள்கைகளை வகுத்தது. 1994ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அதிபர் கிளின்டன், கூட்டரசுத் துறைகள் யாவும் இந்நீதியைத் தம் கடமையாகக் கொள்ளவேண்டும் என ஆணையிட்டார். ஆப்டனில் புதைக்கப்பட்ட மண்ணுக்குள் நீர் தேங்கியிருந்தது 1993இல் வெளிப்பட்டது. மக்கள் விடாது வற்புறுத்தியதன் பயனாக, அம்மண்ணை நச்சு நீக்கும் பணி 2003ஆம் ஆண்டின் இறுதியை ஒட்டி நிறைவுற்றது. அதற்கு 17 முதல் 18 மில்லியன் டாலர் வரை செலவாயிற்று. லாரிகள் வந்த நாளிலிருந்து இருபத்தோர் ஆண்டுகள் கடந்திருந்தன. சாலையில் ஊற்றிச் சென்றோர் தவிர்த்த செலவை, இறுதியில் பொதுப்பணம் பன்மடங்காகச் செலுத்தியது.

சேவிசின் பின்வாழ்வு நேர்கோட்டில் செல்லவில்லை. 1993இல் கறுப்பின மக்கள் முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பேற்ற அவர், சங்க நிதியைக் கையாண்டது தொடர்பான சர்ச்சையில் மறு ஆண்டே நீக்கப்பட்டார். பின்னர் இசுலாம் சார்ந்த மற்றோர் அமைப்பில் இணைந்தார். இதனையும் சேர்த்தே நாம் வரலாற்றைப் படித்தல் வேண்டும். பணியின் மதிப்பு ஒருவரின் குறையின்மையைச் சார்ந்ததன்று. அவர் பெயரால் அறியப்படும் இப்பணி, ஓர் ஊரின் திருச்சபையும் பெண்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்தது.

2022இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, இந்நீதிக்கெனத் தனி அலுவலகம் நிறுவப்பெறுவதை வாரன் மாவட்டத்திற்கே சென்று அறிவித்தது. 2025ஆம் ஆண்டு சனவரியில், 1994ஆம் ஆண்டின் ஆணை புதிய ஆட்சியால் திரும்பப் பெறப்பட்டது. ஓர் ஆணையால் வந்த உரிமை மற்றோர் ஆணையால் நீங்கக்கூடும். எஞ்சியிருப்பவை தரவுகளும், அவற்றைச் சுட்டும் சொற்களும், ஊர் கூடும் இடங்களுமே.

8. வகுப்பறைக்குச் சில குறிப்புகள்

ஆசிரியர்கள் இப்பொருளைக் கற்பிக்கும்போது மூன்று வினாக்களை மாணவர்முன் வைக்கலாம். ஒரு திட்டத்தின் நன்மை யாரைச் சேர்கின்றது? அதன் சுமை யாரைச் சேர்கின்றது? முடிவெடுத்த அவையில் சுமப்போர் இருந்தனரா? ஒரு செய்தித்தாள் கட்டுரையை எடுத்து இம்மூன்றையும் பொருத்திப் பார்க்கச் செய்தால், பாதுகாப்புக்கும் நீதிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மாணவர் தாமே கண்டுகொள்வர். இலக்கண வகுப்பில் வேற்றுமைத்தொகையைக் கற்பிக்கும் ஆசிரியர், பழகிய எடுத்துக்காட்டுகளோடு இத்தொடரையும் சேர்த்துக்கொள்ளலாம். உருபு மாறினால் உலகைப் பார்க்கும் பார்வையும் மாறும் என்பது அங்குப் புலனாகும்.

நிறைவுரை

ஆப்டன் மக்கள் லாரிகளை நிறுத்த முடியவில்லை. ஆயினும் தங்களுக்கு நேர்ந்தது தற்செயலன்று என ஐயுற்றனர். அந்த ஐயத்தை அவர்கள் சார்ந்த திருச்சபையினர் ஆய்வாக்கினர். ஆய்வு கண்டதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அப்பெயரையே நாம் இன்று தமிழில் எழுதுகின்றோம். அதனைப் பொருளறிந்து எழுதுதல், மொழி கற்பிப்போராகிய நம் கையில் உள்ள கடமை.